மொறிஸ் மைனரின் ஹீற்றர் ஒழுக்கு: யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் நான்கு வழிகளின் மதிப்பீடு

காரின் உள்ளே முன்பக்கக் கம்பளம் நனைந்து கிடக்கிறது, றேடியேற்றரில் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, எஞ்சினுக்குக் கீழே நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் ஹீற்றர் பக்கம்தான் ஒழுக்கு. இங்கே அதற்கு நான்கு வழிகள் உண்டு: போத்தலில் விற்கும் ஒழுக்கடைப்பான், றேடியேற்றர் பட்டறையில் ஈயம் வைப்பது, இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்கும் புதுக் கோர் (ஹீற்றர் பெட்டிக்குள் சூட்டுத் தண்ணி ஓடும் சிறு றேடியேற்றர்), ஹீற்றரைத் தண்ணிச் சுற்றிலிருந்தே விலக்கிவிடுவது.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். பழைய செப்புக் கோருக்குப் பட்டறையில் முறையாக ஈயம் வைப்பதுதான் முதல் தெரிவு. கோர் உக்கிப்போயிருந்தால், அளவாக அடக்கிய ஒரு சுற்றுக்குழாய் போட்டு ஹீற்றரை விலக்குவது இரண்டாவது. மலைநாட்டுப் பக்கம் அடிக்கடி போகிறவர்களும் காரை அசல் நிலையில் வைத்திருக்க விரும்புகிறவர்களும் புதுக் கோர் எடுக்கலாம். ஒழுக்கடைப்பான் வீடு வந்து சேர்வதற்கு மட்டும். ஆனால் எந்த வழியில் போனாலும், திரும்பவும் கிணற்றுத் தண்ணியை ஊற்றினால் செய்த வேலை நிற்காது. பட்டறையைக் குறை சொல்லும் பல கார்களில் குற்றவாளி தண்ணிதான்.

இங்கே சொல்வது 1956க்குப் பிறகு வந்த மைனர் 1000க்கு, அதாவது 948 சிசி எஞ்சினுக்கும் 1962இல் வந்த 1098 சிசி எஞ்சினுக்கும் நேராகப் பொருந்தும். ஒஸ்ரின் ஏ35, மினி இரண்டும் அதே ஏ வரிசை எஞ்சின்தான். ஹீற்றர் பெட்டியின் வடிவமும் ஹோஸ் போகும் பாதையும் மாறும், தத்துவம் மாறாது. யாழ்ப்பாணத்தில் நிறைய ஓடிய ஏ40 சோமசெட்டின் 1200 சிசி எஞ்சின் வேறு குடும்பம். அதற்கு தண்ணியையும் ஈயத்தையும் பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணி

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கிறது. அதனால் கடினத்தன்மை கூடியது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கல் அதே அளவு உறுதியோடு ஹீற்றர் ரியூபுக்குள்ளும் படியும். கடற்கரையை அண்டிய ஊர்களிலும் தீவுப் பகுதியிலும் உவரும் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைட் பித்தளையையும் இரும்பையும் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். றேடியேற்றரைவிட ஹீற்றர் முதலில் போவதற்கும் காரணம் இருக்கிறது. அதன் ரியூப்கள் ஒடுக்கம், தண்ணி ஓட்டம் மெதுவு. அதோடு எங்கள் ஊர்ச் சூட்டில் ஹீற்றருக்குத் தண்ணி விடும் வால்வை மாதக்கணக்காக ஒருவரும் திறப்பதில்லை. அசையாமல் நிற்கும் தண்ணிக்குள் கல்லும் சேறும் இறங்கிக் கட்டுகின்றன. கட்டிய படிவுக்குக் கீழேதான் உலோகம் அரிபடும்.

இன்னொரு காரணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. மைனரின் எஞ்சின் இறப்பர் தாங்கியில் இருக்கிறது. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டி துருப்பிடித்துவிட்டால், ஸ்ராட்டர் இழுக்கும் மின்சாரம் வேறு பாதை தேடும். சோக் கேபிள் வழியாகப் போகும், றேடியேற்றர்த் தண்ணி வழியாக ஹீற்றர் பெட்டிக்கும் போகும். சோக் கேபிள் சூடாகிறது என்றால் எர்த் பழுதென்று வைத்துக்கொள்ளலாம். மல்ரிமீற்றரின் ஒரு முனையை றேடியேற்றர் வாய்க்குள் தண்ணியில் மட்டும் படும்படி பிடியுங்கள், உலோகத்தில் படக்கூடாது. மற்றதைப் பற்றரியின் எர்த் முனையில் வையுங்கள். பழைய மைனர்களில் எர்த் ஆவது பொசிற்றிவ் முனை என்பதை மறக்க வேண்டாம். 0.1 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் பயமில்லை. 0.3ஐத் தாண்டினால் எர்த் பட்டியை மாற்றாமல் புதுக் கோர் போடுவது காசை எரிப்பது.

கோரைக் கழற்ற முன்

மாரியில் கம்பளம் நனைவதற்கு முன்கண்ணாடி இறப்பரும் காரணமாக இருக்கும். கம்பளத்தையும் அடியிலுள்ள சாக்குப் படுக்கையையும் எடுத்து வெயிலில் போடுங்கள். தரையில் பழைய பத்திரிகையை விரித்து, மழையில்லாத நாளில் ஓடிப் பாருங்கள். கூலன்ற் (அரிப்பைத் தடுக்கத் தண்ணியோடு சேர்க்கும் திரவம்) கலந்த கார் என்றால் இனிப்பு மணமும் கண்ணாடியில் பசைப்படலமும் காட்டிக்கொடுக்கும். வெறும் கிணற்றுத் தண்ணியில் ஓடும் கார் என்றால் மூட்டுகளைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குக் கட்டியிருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கவே வேண்டாம், கூலன்ற் நஞ்சு.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்திய பிறகு வரும் சில நிமிடங்களில்தான் சுற்றுக்குள் அழுத்தம் ஏறி நிற்கும். சொட்டு தெரிவதும் அப்போதுதான். அழுத்தச் சோதனைப் பம்ப் உள்ள கராச் என்றால் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

தேடும் ஒழுங்கு முக்கியம். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில் இரண்டு ஸ்ரட்டில் (தலையில்லாத மரையாணியில்) நிற்கும் ஹீற்றர் வால்விலிருந்து தொடங்குங்கள். அதன் தண்டடியும் அடிக் கஸ்கெற்றும் அடிக்கடி கசியும். அடுத்தது ஹோஸ் முனைகள். பிறகு, ஹீற்றரிலிருந்து றேடியேற்றரின் கீழ் ஹோஸுக்குத் திரும்பிப் போகும் பைப். இவை எல்லாம் காய்ந்திருந்து, பெட்டியின் அடியில் மட்டும் ஈரம் இருந்தால்தான் கோர். ஹோஸ் நுனியில் கசியும் தண்ணி பெட்டியின் மேல் வழிந்து கோர் ஒழுகுவதுபோல் காட்டும். அப்படி ஒரு கிளிப்போடு முடிய வேண்டிய வேலைக்காகப் பெட்டி முழுவதையும் இறக்குவது இங்கே சாதாரணமாக நடக்கிறது.

வால்வின் நட்டுகளை அவசரப்பட்டுத் திருக வேண்டாம். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். ஸ்ரட் ஹெட்டுக்குள் முறிந்தால் துளைபோட்டு எடுக்க வேண்டிவரும். சாவியும் அங்குல அளவுச் சாவிதான் வேண்டும். மில்லிமீற்றர்ச் சாவி நட்டின் மூலையை மழுக்கிவிடும்.

கழற்றும்போது உடைபடும் இடம்

சிறிய ஒழுக்கு பெரிய ஒழுக்காவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வருடக்கணக்காகக் கிடந்த ஹோஸ் கோரின் மூக்குக் குழாயில் ஒட்டிப்பிடித்திருக்கும். குறட்டால் பிடித்து முறுக்கினால் ஹோஸ் அசையாது, குழாயின் ஈய மூட்டுத்தான் கிழியும். பழைய ஹோஸைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். பிளேட்டால் நீளவாக்கில் கீறி, தோல் உரிப்பதுபோல் விரித்து எடுங்கள்.

அதற்கு முன் எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், பற்றரி கழற்றியிருக்க வேண்டும். றேடியேற்றரை மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கின் வடிகுழாயையும் திறக்க வேண்டும். திறந்தும் ஒன்றும் வராவிட்டால் தண்ணி இல்லை என்று நினைக்காதீர்கள். துவாரத்தைச் சேறு அடைத்திருக்கும், கம்பியால் குத்திவிடுங்கள். ஹீற்றருக்குள் தேங்கியதை எடுக்க, ஒரு ஹோஸ் முனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடித்து மற்ற முனையில் வருவதைப் பேசினில் பிடியுங்கள். வாயால் ஊத வேண்டாம். தரையில் பொலித்தீன் விரித்துவிட்டே பெட்டியை இறக்குங்கள். மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை, தரைத் தகடே காரின் பலம். அதில் உப்புத்தண்ணி ஊறவிடக்கூடாது.

வழி ஒன்று: போத்தல்

ஒழுக்கடைப்பான் தூளோ திரவமோ, வேலை ஒன்றுதான். நுண்துகள்கள் சுற்றி வந்து, துளையில் காற்றுப் படும் இடத்தில் இறுகி அடைக்கும். ஊசித்துளைக்கு உண்மையாகவே வேலை செய்யும், அதை மறுக்க முடியாது. மூக்குக் குழாய் மூட்டு வெடித்திருந்தால் ஒன்றும் செய்யாது. சிக்கல் என்னவென்றால் துகள்களுக்குத் துளை எது, வழி எது என்று தெரியாது. ஏற்கெனவே கல் கட்டி ஒடுங்கிய ஹீற்றர் ரியூபிலும், ஏ வரிசை பிளாக்கின் பின்கோடியில், நாலாம் சிலிண்டரைச் சுற்றிச் சேறு தங்கும் இடத்திலும் போய் இருந்துவிடும். நாலாம் சிலிண்டர்ப் பக்கம்தான் இந்த எஞ்சினில் முதலில் சூடேறும் பக்கம். அங்கே அடைப்பை நாமே காசு கொடுத்து வாங்கிப் போடக்கூடாது.

வழியில் போடும் மஞ்சள்தூள் வைத்தியமும் இதே இனம்தான். தூள் ஊறிப் பருத்து அடைக்கும், கொஞ்ச நாளில் சேறாகும். ஏ9இல் மாங்குளம் பக்கம் நடுவழியில் நின்றால் ஒரு மேசைக்கரண்டி போடுங்கள், வீடு வந்து சேரலாம். வந்த கிழமைக்குள்ளேயே முழுத் தண்ணியையும் வடித்துக் கழுவிவிடுங்கள். போத்தலுக்கும் இதுதான் விதி. நிரந்தரத் தீர்வு என்ற வகையில் நால்வரில் கடைசி இடம்.

வழி இரண்டு: பட்டறையில் ஈயம்

பழைய கோரின் பெரிய நன்மை, அது செப்பும் பித்தளையும் ஈயமும் என்பது. கையால் திறக்கலாம், குத்திக் கழுவலாம், திரும்ப மூடலாம். யாழ்ப்பாணத்து றேடியேற்றர்ப் பட்டறைகளின் கைவேலை நல்லது. லொறி றேடியேற்றரையும் இரண்டுசில் உழவு இயந்திர றேடியேற்றரையும் நாள் முழுக்கப் பிரித்துப் பூட்டிய கைகள் அவை. ஹீற்றர் கோர் சிறியது, தகடு மெல்லியது. பெரிய றேடியேற்றருக்குப் பழகிய வேகத்தை இதில் காட்டினால்தான் பிழைக்கும். அதனால் கொடுக்கும்போதே சில விடயங்களைப் பேசிக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஈயத்துக்கு முன் கல் எடுக்க வேண்டும். கல் அடைத்த கோருக்கு ஈயம் வைப்பது வீண். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம் போதும். கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கோரை நிமிர்த்தி நிறைத்து, நுரைப்பது நிற்கும்வரை, ஒன்று இரண்டு மணித்தியாலம் விடுங்கள். நுரை நின்றபின்னும் அடைப்பு இருந்தால் புதுக் கரைசல் ஊற்றித் திரும்பச் செய்யுங்கள். பிறகு நல்ல தண்ணியால் கழுவி, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணியால் ஒருமுறை அலசி, மீண்டும் கழுவ வேண்டும். இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை, செய்துவிட்டே கோரைப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். வினாகிரியும் வேலை செய்யும், நேரம் கூட எடுக்கும்.

கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அது ஐந்து நிமிடத்தில் கல்லைக் கரைக்கும். அதோடு பித்தளைக்குள் இருக்கும் நாகத்தையும் (துத்தநாகம்) இழுத்து எடுத்துவிடும். வெளியே பளபளக்கும், உள்ளே தகடு பஞ்சாகியிருக்கும். கோஸ்ரிக் சோடாவை எஞ்சினோடு சேர்த்துச் சுற்றவிடுவதும் ஆகாது. தெர்மோஸ்ரற்றின் (எஞ்சின் சூடேறியதும் றேடியேற்றருக்குத் தண்ணியைத் திறந்துவிடும் வால்வு) மேல்மூடி அலுமினியம் என்றால் அதை அரித்துவிடும்.

இரண்டாவது, சூடு. 60க்கு 40 ஈயம் (வெள்ளீயம் 60, காரீயம் 40) 190 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். 50க்கு 50 ஈயம் ஏறத்தாழ 215இல் முழுதாக இளகும். ஒரு மூட்டைத் திருத்த வாயுச் சுவாலையைப் பிடித்தால் பக்கத்து மூட்டும் இளகும். இரும்பை, அதாவது ஈயம் வைக்கும் செப்புக் கட்டியைச் சூடாக்கி வைப்பதே இந்த அளவுக் கோருக்குச் சரி. சுவாலைதான் பிடிப்பார்கள் என்றால், பக்கத்து மூட்டுகளில் ஈரச்சீலை சுற்றச் சொல்லுங்கள். வைக்கும் இடம் உலோகம் மினுங்கும்வரை சுரண்டப்பட்டிருக்க வேண்டும். பச்சைக்களிம்பின் மேல் வைத்த ஈயம் ஒட்டியதுபோல் இருக்கும், முதல் சூட்டில் உரியும். சுரண்டாமல் எபொக்சிப் பசை பூசித் தருபவர்களிடம் கோரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பசை பூசிய இடத்தில் பிறகு ஈயமும் பிடிக்காது.

மூன்றாவது, அமிலக் களிம்பைக் கழுவுவது. ஈயம் பிடிக்கப் பூசும் நாகக் குளோரைட் திரவம் வேலை முடிந்தும் தகட்டுக்கு இடையில் தங்கினால், சில மாதங்களில் மூட்டைச் சுற்றிப் பச்சை பூக்கும், ஈயத்துக்குப் பக்கத்தில் புதுத்துளை விழும். “வைத்த ஈயம் விட்டுவிட்டது” என்று வரும் முறைப்பாடுகளில் பல உண்மையில் இதுதான். வெந்நீரும் அப்பச்சோடாவும் மென்மையான பிரஷும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அநேகமான பட்டறைகளில் சொல்லாவிட்டால் செய்யமாட்டார்கள். சொன்னால் முகம் சுளிக்காமல் செய்வார்கள்.

நான்காவது, சோதனை. ஒரு மூக்கை அடைத்து, மற்றதால் 10 பி.எஸ்.ஐ. காற்று விட்டு, தண்ணித் தொட்டியில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். கொம்பிரசரை நேரடியாகப் பிடித்தால் அழுத்தம் பலமடங்கு ஏறும், அறுபது வருடத்துக் கோர் பலூன்போல் வீங்கும். அழுத்த அளவீட்டுக் கருவி இல்லாத பட்டறையில் சோதிக்க விட வேண்டாம். இது எங்கள் கண்டிப்பான கருத்து. பட்டறையைத் தெரிவுசெய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த மீற்றர் இருக்கிறதா என்பதுதான்.

நடுவில் ஒரு ரியூப் போயிருந்தால் இரண்டு முனையையும் ஈயத்தால் அடைத்துவிடலாம். இரண்டு மூன்று ரியூப் அடைபட்டாலும் எங்கள் காலநிலையில் வித்தியாசம் தெரியாது. விரலால் தொட, ரியூப்களுக்கு இடையிலுள்ள தகட்டு இதழ்கள் தூளாக உதிர்ந்தாலோ, நாலைந்து ரியூப்களில் ஒரே நேரத்தில் குமிழி வந்தாலோ, அந்தக் கோருக்குச் செலவழிக்க வேண்டாம். நேர்மையான பட்டறைக்காரர் தானே அதைச் சொல்லிவிடுவார்.

பூட்டும்போது கோரைச் சுற்றியிருந்த பஞ்சு நாடாவைப் புதிதாகப் போடுங்கள். பழையது பொடியாகியிருக்கும். அது இல்லாமல் கோர் பெட்டிக்குள் ஆடி, வைத்த ஈயத்தை மூக்கடியில் வெடிக்க வைக்கும். தண்ணி உறிஞ்சும் மெத்தைப் பஞ்சு வேண்டாம், உறிஞ்சாத நுரைநாடாதான் வேண்டும்.

வழி மூன்று: புதுக் கோர்

மைனருக்கும் மினிக்கும் உதிரிப்பாகம் செய்யும் வியாபாரம் இங்கிலாந்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்குள்ள உறவுகள் மூலம் எடுப்பிப்பவர்களே அதிகம். விலை பவுணோடும் சுங்க வரியோடும் ஏறி இறங்கும். எப்படிப் பார்த்தாலும் பட்டறைச் செலவைவிடப் பலமடங்கு.

புதுப் பொருளில் வரும் குறைகள் பழகியவை: மூக்குக் குழாயின் சாய்வு அசலோடு ஒத்துவராமல் பெட்டியின் துவாரத்தில் இடிப்பது, ஈயம் மெல்லியதாகப் பூசப்பட்டிருப்பது, நுரைநாடா இல்லாமல் வருவது. குழாய் இடித்தால் வளைக்க வேண்டாம், பெட்டியின் துவாரத்தை அரத்தால் அகட்டுங்கள். புதியது என்று நம்பிப் பூட்டாமல், அதே 10 பி.எஸ்.ஐ. தொட்டிச் சோதனையை இதற்கும் செய்யுங்கள். பெட்டியை மறுபடி இறக்குவதைவிட அது சுகம்.

அலுமினியக் கோர் மலிவாகக் கிடைத்தாலும் யாழ்ப்பாணத்துக்கு எடுக்க வேண்டாம். உவர்த்தண்ணி ஒருமுறை உள்ளே போனால் அலுமினியம் செப்பைவிட வேகமாகத் துளைபடும், துளைபட்டால் இங்கே ஈயம் வைத்துத் திருத்தவும் முடியாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமானாகக் கோர் கிடைத்தால், வாங்குமுன் ஒரு மூக்கால் தண்ணி ஊற்றிப் பாருங்கள். தடங்கலில்லாமல் மற்ற மூக்கால் கொட்ட வேண்டும். இரண்டைத் தூக்கிப் பார்த்தால், பாரம் கூடியதற்குள் கல் இருக்கிறது.

வழி நான்கு: விலக்கிவிடுவது

ஏப்ரல், மே வெயிலில் ஓடும் காருக்கு ஹீற்றர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மாரியில் கண்ணாடியின் உட்புறம் புகைக்கும்போது உதவுவது உண்மை. ஆனால் அதற்கு விசிறி வீசும் காற்றே பெரும்பாலும் போதும். ஆகவே பெட்டியையும் விசிறியையும் இருந்தபடி விட்டு, தண்ணியை மட்டும் வெட்டலாம். ஒன்றை மட்டும் இழக்கிறீர்கள்: எஞ்சின் சூடேறும்போது ஹீற்றரை முழுதாகத் திறந்து கொஞ்சம் சூட்டை வெளியேற்றும் அவசர வழி. றேடியேற்றர் ஆரோக்கியமாக இருந்தால் அது பெரிய இழப்பில்லை.

வெட்டும் முறையில்தான் பிழை நடக்கிறது. வோட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஒரு கட்டைவிரல் நீளத்துக்குக் குட்டி ஹோஸ் ஒன்று இருக்கும். தெர்மோஸ்ரற் மூடியிருக்கும்போது தண்ணி சுற்றுவது அதன் வழியாக. மாற்றுவதற்குக் கடினமான இடமென்பதால், அது வெடித்த சில கார்களில் அந்த வழியையே அடைத்துவிட்டிருப்பார்கள். பொருளாதாரத் தடையில் உதிரிப்பாகமே வராமல், கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய 1990களைக் கடந்து வந்த வண்டிகளில் இப்படியான கைவேலைகளைப் பார்த்துவிட்டே தொட வேண்டும். குட்டி ஹோஸ் அடைபட்ட எஞ்சினில் ஹீற்றரையும் அடைத்தால், தெர்மோஸ்ரற் திறக்கும்வரை ஹெட்டுக்குள் தண்ணி அசையாது. பின்கோடியில் நீராவி கட்டும், கஸ்கெற் போகும். முதலில் அந்தக் குட்டி ஹோஸைப் போட்டு வழியைத் திறவுங்கள், அதன் பிறகு ஹீற்றரைத் தொடுங்கள்.

குட்டி ஹோஸ் சரியாக இருந்தால் இரண்டு விதமாகச் செய்யலாம். வால்வைக் கழற்றி, இரண்டு ஸ்ரட்டிலும் மூடித்தகடும் கஸ்கெற்றும் போட்டு, கீழ் ஹோஸின் கிளையையும் அடைப்பது சுத்தமான வேலை. மற்றது, வால்விலிருந்து திரும்பும் பைப்புக்கு ஒரே ஹோஸால் சுற்றிவிடுவது. நாங்கள் இரண்டாவதையே விரும்புகிறோம், ஏனென்றால் நாலாம் சிலிண்டர்ப் பக்கத்துச் சூட்டுத் தண்ணி தேங்காமல் நகர்ந்துகொண்டிருக்கும். ஆனால் வெறும் ஹோஸை அப்படியே பூட்டினால், சூடான தண்ணி றேடியேற்றருக்குப் போகாமல் நேரே பம்புக்குத் திரும்பும் அகலமான குறுக்குவழி ஆகிவிடும். நகருக்குள் ஊர்ந்து போகும்போது சூட்டுமானி ஏறும். அதனால் ஹோஸுக்குள் நடுவில் 6 மில்லிமீற்றர் துளையுள்ள பித்தளைத் துண்டு ஒன்றை இறுக்கி வைக்க வேண்டும். கடைசல் பட்டறையில் சில நிமிடத்தில் செய்து தருவார்கள். வால்வைச் சிறிது மட்டும் திறந்து வைப்பதும் அதே பயனைத் தரும், ஆனால் பழைய வால்வு அதிர்வில் நகரும்.

தெர்மோஸ்ரற்றையே கழற்றி எறிந்த கார்கள் இங்கே நிறைய. அது குளிர்ச்சிக்கு வழியல்ல. இந்த எஞ்சினுக்கு 74, 82, 88 பாகைத் தெர்மோஸ்ரற்கள் கிடைக்கும். எங்கள் ஊருக்கு 74 அல்லது 82 போடுங்கள்.

ஹோஸ், கிளிப், மூடி

மைனரின் ஹீற்றர் ஹோஸுக்கு உள்விட்டம் அரை அங்குலம், கடையில் 13 மில்லிமீற்றர் என்று கேளுங்கள். ஸ்ரான்லி வீதிப் பக்கத்துக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஜப்பான் வான்களுக்கான 16 மில்லிமீற்றர் ஹோஸ். கிளிப்பை இறுக்கினால் அது மடிந்து, மடிப்பால் ஒழுகும். பெற்றோல் ஹோஸும் தோட்டத்துப் பிளாஸ்ரிக் குழாயும் சூட்டில் இளகும், தொட வேண்டாம். ஹோஸ் ஏறாவிட்டால் கிறீஸ் பூசாமல் சவர்க்காரத் தண்ணி தொட்டு ஏற்றுங்கள். கிறீஸ் இந்த இறப்பரை ஊத வைக்கும். திருகால் இறுக்கும் ஜூபிலி கிளிப் போதும், மெல்லிய கம்பி வளையம் ஹோஸை வெட்டும்.

றேடியேற்றர் மூடியையும் பாருங்கள். மைனர் 1000க்கு 7 பி.எஸ்.ஐ., ஏறத்தாழ அரை பார். வாய்க்குப் பொருந்துகிறது என்று 0.9 அல்லது 1.1 எழுதிய ஜப்பான் மூடியைப் போட்டால் கோர் தாங்க வேண்டிய அழுத்தம் இரட்டிப்பாகிறது. புதிதாக ஈயம் வைத்த கோர் ஒரு மாதத்தில் ஒழுகினால், பட்டறைக்குப் போகுமுன் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்.

எதை ஊற்றுவது

ஹீற்றரோடு மைனருக்கு ஏறத்தாழ 6 லீற்றர் பிடிக்கும், மினிக்கு மூன்றரை லீற்றருக்குச் சற்று மேல். மைனருக்கு 2 லீற்றர் செறிவான கூலன்ற்றும் 4 லீற்றர் வடித்த தண்ணியும் கணக்கு. இங்கே உறைவதற்கு எதுவுமில்லை, கூலன்ற் போடுவது அரிப்பைத் தடுக்க. மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அந்தப் பாதுகாப்பு மெலியும். பழைய ஈய மூட்டுள்ள கார்களுக்குப் பழைய வகைக் கனிமச் சேர்மக் கூலன்ற்தான் ஏற்றது. வழக்கமாக அது நீலம் அல்லது பச்சை, ஆனால் நிறத்தை நம்பாமல் போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். நீண்டகால வகை என்று வரும் கரிம அமிலக் கூலன்ற் ஈயத்தையும் பழைய கஸ்கெற்றையும் பாதிக்கக்கூடும், கலக்கவும் கூடாது. கனிம வகையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வடித்த தண்ணி பற்றரிக் கடையில் போத்தலில் கிடைக்கும். கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள், பற்றரி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் பக்கத்தில்தான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில், கூரை ஒருமுறை நன்றாகக் கழுவுண்ட பிறகு பிடித்த மழைத்தண்ணியும் நல்லது, சீலையால் வடிகட்டி அடைத்து வைக்கலாம். தகரக் கூரையில் துருவோடு வருவதையும் கடலுக்குக் கிட்டப் பிடித்ததையும் தவிருங்கள்.

நிறைக்கும்போது ஹீற்றர் வால்வு திறந்திருக்க வேண்டும். காரின் மூக்கைச் சற்று உயர்த்தி, திரும்பும் ஹோஸை மேல்முனையில் கழற்றிப் பிடித்து, அதனூடாகத் தண்ணி வரும்வரை றேடியேற்றரில் மெதுவாக ஊற்றுங்கள். வந்தவுடன் பூட்டுங்கள். மூடி இல்லாமல் எஞ்சினை ஓடவிடுங்கள், மேல் ஹோஸ் சுட்டால் தெர்மோஸ்ரற் திறந்துவிட்டது என்று அர்த்தம். குமிழி நின்றதும் வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி நிறைத்து மூடுங்கள். ஹீற்றர் ஹோஸ் இரண்டில் ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. நன்றாக ஆறவிட்டு, மறுபடி அதே ஹோஸைக் கழற்றிக் காற்றை எடுங்கள்.

வடித்த பழைய தண்ணியை வளவில் ஊற்ற வேண்டாம். கூலன்ற்றின் இனிப்புக்கு நாயும் பூனையும் மாடும் வாய் வைக்கும், கொஞ்சமே உயிரெடுக்கும். எங்கள் சுண்ணாம்புப் பாறையில் ஊற்றியது வடிகட்டுப்படாமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தபோது ஊர் பட்டபாடு எல்லாருக்கும் தெரியும். கானில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, கழிவெண்ணெய் எடுக்க வருபவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். எண்ணெய்க்குள் கலந்து கொடுக்க வேண்டாம்.

முதல் நூறு மைல் ஓடியதும், எஞ்சின் ஆறிய நிலையில், எல்லாக் கிளிப்பையும் அரைச் சுற்றுக்குள் இறுக்கிப் பாருங்கள். புது இறப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் படியும். கம்பளத்தை அதற்குப் பிறகு போட்டால் போதும். அதுவரை பத்திரிகைத்தாளே கிடக்கட்டும், சொட்டு விழுந்தால் எந்த மூட்டுக்குக் கீழே என்று அதில் தெரியும்.